பிள்ளையார் வாகனமும் என் வாகனமும்

என் காரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததும் நான் செய்த முதல் வைத்தியம், மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து மீட்டர் கண்ணாடியில் அந்த விளக்கின் மேல் ஒட்டியதுதான். பகலில் ஒன்றும் தெரியாது. இருட்டினால் பொட்டைச் சுற்றி மஞ்சள் வளையம். மங்களகரமாகத்தான் இருந்தது. "காருக்கு எதுக்குங்க பொட்டு?" என்று கேட்டவளிடம் திருஷ்டிக்கு என்றேன்.

அடுத்தது பேட்டரி. மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, காபி குடித்து வந்து மாட்டினால் விளக்கு அணைந்திருக்கும். தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள அது போதும். சென்னைக்குப் போகும்போது சமர்த்தாக இருக்கும்; திரும்பும்போது சுங்குவார்சத்திரம் வருவதற்குள் எரியும். பெரும்பாலான கோளாறுகளை ஒரு ஓட்டத்தில் கண்டால் காரின் கம்ப்யூட்டர் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கைப் போடும். அந்த இடைவெளியைத்தான் என் கைராசி என்று நினைத்திருந்தேன்.

அம்மா சொல்லி, வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் தொட்டேன். தொட்டவனுக்குத்தான் தோஷம் போகுமாம். காரைப் படியேற்ற முடியாதே.

பிறகு படித்தவன் புத்தி வந்தது. 1996இல் அமெரிக்கா கட்டாயமாக்கிய ஓபிடி-2 முறை 2013 ஏப்ரலில் நம் நாட்டுக் கார்களுக்கும் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் டப்பா ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்களையே செய்து கப்பலேற்றுகிற மாவட்டத்துக்காரனுக்கு இது கூடவா வராது என்ற வீம்பு. பி0171 என்றது போன். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எரிந்த புகையில் எஞ்சிய ஆக்சிஜனை வைத்து, கணக்கு தப்பியதா என்று சொல்வது சென்சார். புகார் சொன்னவனையே குற்றவாளி என்று தீர்ப்பெழுதி, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது சென்சார் மாட்டினேன். புதுசும் அதையே சொன்னது. அப்புறம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் திட்டினேன். பங்க்கை மாற்றினேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், விடை என் போனிலேயே இருந்தது. ஃப்யூயல் டிரிம் என்று ஓர் எண். காற்றுக்கு ஈடுகட்டக் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டித் தருகிறது என்று காட்டும். வண்டி ஐடிலிங்கில் நிற்கையில் அது 20 சதவீதத்தைத் தாண்டியது. ஹைவேயில் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கியது. இன்டேக் பக்கம் எங்கோ ஓட்டை என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். ஐடிலிங்கில் இன்ஜின் வாங்குவதே கொஞ்சம் காற்று, அதில் திருட்டுக் காற்று பெரும்பங்கு. வேகத்தில் உள்ளே போகிற காற்றுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? நானோ அந்தக் கிராஃபை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஈசிஜி பார்க்கிற டாக்டர் மாதிரி விளக்கவுரை எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

கடைசியில் போய் நின்ற ஷெட்டில் இருந்த தம்பி டப்பா எதையும் செருகவில்லை. "ஏசிய ஆஃப் பண்ணுங்க சார், சும்மா ஓடட்டும்" என்று பானெட்டைத் திறந்தான். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை ரப்பர் ஹோஸ்கள் மேல் ஒவ்வொரு இடமாகத் துளித் துளியாக அடித்துக்கொண்டே வந்தான். (எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு, சூடான இன்ஜினில் நாம் விளையாட வேண்டாம்.) ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறி இறங்கியது. ஓட்டை வழியாக ஸ்ப்ரே உள்ளே இழுபட்டு எரிந்திருக்கிறது. கழற்றிய ஹோஸின் வளைவில் வரிவரியாகப் பல் தடம். அதற்குக் கீழே ஒரு கூடு: அரக்கு நிறப் பட்டு இழைகள், ஜரிகைத் துணுக்கு, வேர்க்கடலைத் தோல்.

நான் குடியிருப்பது பிள்ளையார்பாளையத்தில். பக்கத்து வீட்டுத் தறியடியிலிருந்து மிச்சப் பட்டை இழுத்து வந்து என் பானெட்டுக்குள் பிரசவ அறை கட்டியிருக்கிறது பிள்ளையார் வாகனம். "நல்ல பட்டா பார்த்துத்தான் எடுத்திருக்கு சார்" என்றான் தம்பி. ஹோஸின் விலை, சென்சாருக்கு நான் கட்டிய ஜிஎஸ்டியை விடக் குறைவு.

"கோட அழிக்க வேணாம் சார். பழுது இல்லன்னா மூணு ஓட்டத்துல தானா அணைஞ்சிடும்" என்று சொல்லித்தான் அனுப்பினான். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து அழித்துவிட்டேன். சரியாகி அணைந்ததா, நான் அழித்து அணைந்ததா என்று தெரியாமல் அப்புறம் மீட்டரையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ராஜாஜி மார்க்கெட் அருகே ஓர் ஆட்டோக்காரர் என் குலம் கோத்திரத்தையெல்லாம் விசாரித்தார்.

எலி திரும்பி வராமல் இருக்க, பானெட்டுக்குள் புகையிலை கட்டச் சொன்னார் தறிக்காரர் அண்ணன். வெற்றிலைக் கடையில் நான் வாங்கியதை அம்மாவின் பஜனைத் தோழி பார்த்துவிட்டார். நான் வீடு சேருமுன் செய்தி சேர்ந்திருந்தது.

"காருக்கும்மா" என்றேன்.

"உங்க தாத்தாவும் மாட்டுக்குன்னு சொல்லித்தான்டா வாங்குவாரு" என்றாள்.