தகுதியின் முன்பணம்

நங்கநல்லூரின் 32 அடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாற்றுவதாக வேண்டிக்கொண்டு கல்லூரி உதவித்தொகைத் தேர்வெழுதப் போகும் பிள்ளைக்கு, கோச்சிங் கட்டணத்தை அப்பா எப்போதோ கட்டியிருப்பார். பரிசாகத் திரும்புவது அதில் கொஞ்சம். அதற்குப் பெயர் தகுதி. ‘ஏழைப் பிள்ளைக்கும் அதே கேள்வித்தாள்தானே?’ என்பார்கள். அதேதான், தயாரிப்புதான் வேறு. அதற்காகத் தேர்வையே எடுத்துவிட்டால் சிபாரிசுக் கடிதம் உள்ளே நுழையும், அது இன்னும் மோசம். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு இந்த விஷயத்தில் கொஞ்சம் விவரமானது: போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும், தேர்வாகும் 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். ‘எங்க பையனும் கெட்டிக்காரன்தானே, அவனுக்கு ஏன் இல்லை?’ என்று கொதிக்கும் மாமாக்கள் அவனைத் தாராளமாக அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். அங்கே நன்கொடை கேட்கமாட்டார்கள்.