ஆடு எங்க கண்ணு?

ஏங்கண்ணு, அந்தப் போனை அக்கட்டால வெச்சுட்டு இப்படித் திண்ணையில உக்காரு. ‘ஹலால் முதலீடு’ன்னு மேல பச்சையில எழுதியிருக்குது. ‘மாசாமாசம் நிச்சய லாபம்’னு கீழ எழுதியிருக்குது. ரெண்டும் ஒரே நோட்டீசுல எப்படி நிக்கும்னு ஒனக்குத் தோணவே இல்லையா? பி.காம். வேற படிச்சிருக்கற.

நீ எந்தச் சாமியக் கும்பிட்டாலும் எனக்கு ஒண்ணுதான். ஏமாத்தறவனுக்கும் அப்படித்தான்.

நம்ம கொண்டப்பநாயக்கன்பட்டியில இப்ப மலையடிவாரம் பூராவும் பிளாட்டுப் போட்டு கல்லு நட்டுட்டாங்க. ஒங்க தாத்தன் காலத்துல அங்க ஆடுதான் மேஞ்சுது. காசு இருக்கறவன் பெட்டையாடு வாங்கி வாரத்துக்கு வுடுவான். காசில்லாதவன் மேய்ப்பான். குட்டி ஆளுக்குப் பாதி. மழையில கழிச்சல் கண்டு ஆடு செத்துப்போச்சா? தோலைக் கொண்டாந்து திண்ணையில போடுவான். காசு போட்டவனுக்கு ஆடு போச்சு. மேய்ச்சவனுக்கு ஆறு மாசப் பாடு போச்சு. யாரும் யாரையும் திட்ட முடியாது. மேய்க்கறவன் கள்ளக் குடிச்சுப்போட்டுத் தூங்கி, நரி தூக்கிட்டுப் போயிருந்தா மட்டும் அது வேற பஞ்சாயத்து.

பாய்மார் சட்டத்துல முதாரபான்னு ஒண்ணு இருக்குது. கேட்டுப் பாத்தா இதேதான். ஒருத்தன் முதல், ஒருத்தன் ஒழைப்பு. லாபத்துல யாருக்கு எத்தன பங்குன்னு முன்னமே பேசிக்கணும். இத்தன ரூவா தந்துடுவேன்னு பேசக் கூடாது. நட்டம் வந்தா முதல் போட்டவன் தலையில. மேய்ச்சவன் தப்பு இருந்தாத்தான் அவன் பொறுப்பு. எந்தக் கிறுக்கன் இதுல போயி ‘நிச்சய லாபம்’னு எழுதுவான்? ‘ஒன் ஆடு சாகவே சாகாது’ன்னு எழுதித் தர்றவங்கிட்ட நீ ஆட்டை வுடுவயா? ஆடு இருக்குதான்னே எனக்குச் சந்தேகம் வந்துரும்.

இப்ப பெங்களூருக்கு வா. 2006ல மன்சூர் கான்னு ஒருத்தர் ஐ மானிட்டரி அட்வைசரின்னு ஆரம்பிச்சார். சுருக்கமா ஐ.எம்.ஏ. நகைக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூடம்னு கண்ணுக்கு நெறஞ்ச ஜோடனை. வட்டி ஹராம், இது வட்டியில்ல, லாபப் பங்குன்னாங்க. பணம் போட்ட சனத்தக் காயிதத்துல கூட்டாளின்னே எழுதிக்கிட்டாங்க. கூட்டாளி! கடைச் சாவி எந்த ஆணியில தொங்குதுன்னு தெரியாத கூட்டாளி. கணக்கு நோட்டைத் தொட்டே பாக்காத கூட்டாளி. ஆறு கடை நடத்துனா ஒரு கடையாச்சும் நட்டப்படாதா? அப்ப நம்ம பங்கு என்னாகும்? கேக்கத் தோணலையே.

2019 ஜூன்ல மனுசன் துபாய்க்குப் போயிட்டார். போலீசு கமிசனருக்குன்னு ஒரு ஆடியோ மட்டும் வந்துச்சு. சிவாஜிநகர் ஆபீசு வாசல்ல சனம் குமிஞ்சுது. கண்ணாலத்துக்கு வெச்சிருந்த காசு, ஹஜ்ஜுக்குச் சேத்த காசு. புகாரு மட்டும் 40,000க்கு மேல. தொகை 4,000 கோடின்னாங்க. ஜூலையில டெல்லியில வந்து எறங்கவும் அமலாக்கத்துறை புடிச்சுது. அதுக்கு முந்தின வருசந்தான் ஹைதராபாத்துல ஹீரா குரூப். வருசத்துக்கு 36 சதவீதம் லாபம்னு சொன்னாங்கன்னு புகாரு. அதை நடத்துன நவ்ஹீரா ஷேக் 2018 அக்டோபர்ல கைதானாங்க. 36 சதவீதம்னா எத்தன, கணக்குப் போட்டயா? மூணு ரூவா வட்டி கண்ணு! தண்டல்காரன் வாயில வந்தா கந்துவட்டிங்கற. தொப்பி போட்டு வந்தா லாபப் பங்குங்கற.

பாய்மாருதான் ஏமாந்தாங்கன்னு பல்லக் காட்டாத. நம்மாளுக லட்சணம் எனக்குத் தெரியாதா? பெருந்துறையில ஈமுக் கோழி நடந்துச்சே, 2012ல. ஒன்றரை லட்சம் கட்டு, ஆறு குஞ்சு வாங்கிக்க, மாசம் ஆறாயிரம் நாங்க தர்றோம்னாங்க. அந்தக் கோழியத் திங்கறவன் யாரு, வாங்கறவன் யாருன்னு ஒருத்தன் கேட்டானா? தோட்டத்துல வேலி போட்டு அதுக்குத் தண்ணி மொண்டு ஊத்துனவனெல்லாம் இன்னிக்கும் நம்ம கண்ணு முன்னாலதான் திரியறான். கம்பெனி சாஞ்ச பொறவு கவர்மெண்டுதான் அதுகளுக்குத் தீனி போட வேண்டி வந்துச்சு. அதுல ஹலாலும் இல்ல, ஹராமும் இல்ல. ஆசைதான் இருந்துச்சு.

இந்த லட்சணத்துல நீ போன மாசம் வாங்குன போனுக்கு வட்டியே இல்லைங்கற. நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.யாம்! ரொக்கமாக் குடுத்தா 1,500 கழிச்சுக் குடுக்கறான். தவணைன்னா கழிவு கெடையாது. அதுக்கு மேல பிராசசிங் பீசு. பீசுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அப்ப வட்டி எங்கடா போச்சு? வெலைக்குள்ள போயி உக்காந்துக்குச்சு. சைபர் வட்டின்னு ஒண்ணு ஒலகத்துலயே கெடையாதுன்னு ரிசர்வ் பேங்கே 2013ல பேங்குகளுக்குச் சொல்லிப்போட்டுது. நீதான் நம்பற.

ஒன் கூட்டாளி, அந்த ஜங்சன் பையன், அன்னிக்குக் கேட்டான்: “தாத்தா, பாய்மார் பேங்கும் அதைத்தானே பண்ணுது? வண்டிய அஞ்சு லட்சத்துக்கு வாங்கி ஆறு லட்சத்துக்குத் தவணையில விக்குது. அந்த ஒரு லட்சம் வட்டி இல்லாம வேற என்ன?” கேள்வி நல்ல கேள்விதான். ஆனா ரவ்வூண்டு வித்தியாசம் இருக்குது. மொதல்ல வண்டிய பேங்கு தன் காசுல வாங்கணும், தன் பேருல வெச்சிருக்கணும். ஒங்கிட்ட விக்கறதுக்குள்ள வண்டி எரிஞ்சா பேங்குக்குத்தான் எரிஞ்சுது. வாங்குன வெல இது, என் லாபம் இதுன்னு ஒடச்சுச் சொல்லணும். ஆறுன்னு பேசுனா ஆறுதான்; நீ ஒரு தவணை தவறிட்டன்னு அது ஏழாகாது. அபராதம் வாங்குனாலும் தருமத்துக்குப் போகணும், கல்லாவுக்கில்ல. நாமக்கல்லுல லாரிக்கு பைனான்ஸ் எடுத்துப்போட்டு ரெண்டு தவணை தவறுனவனக் கேளு. அந்த ரவ்வூண்டு எத்தன பெருசுன்னு அவன் சொல்லுவான்.

இந்தியாவுல அப்படி ஒரு பேங்கு நடத்த வழியில்ல. 1949ஆம் வருசச் சட்டத்துல பேங்கு சரக்கு வாங்கி வித்து யாவாரம் பண்ணக் கூடாதுன்னு இருக்குது. 2008ல ரகுராம் ராஜன் கமிட்டி வட்டியில்லா பேங்கைப் பத்தி ரோசனை பண்ணச் சொல்லுச்சு. ஒம்போது வருசம் காயிதம் மேசைக்கு மேசை போச்சு. 2017ல ரிசர்வ் பேங்கு, வேண்டாம்னு மூடிப்போட்டுது. கடலுக்கு அக்கட்ட இலங்கையில 2011லயே அமானா பேங்கு தொறந்து யாவாரம் நடக்குது. இங்க பங்குச் சந்தையில மட்டும் வடிகட்டி வெச்சிருக்காங்க. 1996லேர்ந்து இருக்கற டாட்டா எத்திக்கல் பண்டு அந்தக் கணக்குதான். சாராயக் கம்பெனி கூடாது, சூதாட்டம் கூடாது, வட்டிக்கு விடற பேங்கு கூடாது. கம்பெனிக்குக் கடன் இருந்தா? அது ஒரு அளவு வரைக்கும் பரவாயில்லையாம். கடனே இல்லாத கம்பெனி வேணும்னா வாங்க ஒண்ணும் மிஞ்சாதே, வேற என்ன பண்ணுவாங்க? வடிகட்டிக்கும் ஒரு ஓட்டை வேணுமில்ல! ஆனா ஒண்ணு. அந்தப் பண்டுக்காரன் நிச்சய லாபம்னு எங்கயும் எழுதல. எறங்குனா எறங்கும்னு எழுதியே வெச்சிருக்கான். அதைப் படிச்சதும் ஒனக்குக் கசக்குது. பச்சை நோட்டீசு இனிக்குது.

நெசமா வட்டியில்லாம நடக்கறது எப்படி இருக்கும்னு பாக்கணுமா? நம்ம தமிழ்நாட்டுலயே எத்தனையோ ஊரு ஜமாத்துல பைத்துல்மால் இருக்குது. தோடைக் கொண்டுபோயி வெச்சா கடன் தருவாங்க. வாங்குன தொகையத் திருப்பிக் கட்டுனாத் தோடு கைக்கு வந்துரும். ஒரு மேசை, ஒரு பீரோ, ஒரு நோட்டு. அதுக்கு ஆப்பு கெடையாது, நடிகரு வெளம்பரம் கெடையாது. அதனாலதான் ஒங் கண்ணுல படல.

படிச்சவன் கைக்குப் போனா எதுவும் சும்மா இருக்காது. மலேசியாவுல என்ன பண்றான் தெரியுமா? ஒனக்குக் கைக்கு ரொக்கம் வேணும். வட்டிக்குக் குடுத்தா ஹராம். அதனால பேங்கு பாமாயில் வாங்குது. லாபம் வெச்சு ஒங்கிட்டத் தவணைக்கு விக்குது. நீ அதை அப்பவே வேறொருத்தனுக்கு ரொக்கத்துக்கு விக்கற. விக்கறதையும் ஒனக்காக பேங்கே முடிச்சுரும். ஒன் கைக்குக் காசு, பேங்குக்குத் தவணை. எண்ணெ? அது டாங்கை வுட்டு அசையவே அசையாது. இதுக்குன்னே 2009ல கோலாலம்பூர்ல புர்சா சூக் அல்-சிலான்னு கம்ப்யூட்டர் சந்தையே தொறந்தாங்க. அதே வருசம் சார்ஜாவுல கூடுன சட்ட மேதைக, இப்படி ஏற்பாடு பண்ணி வித்து வாங்கறது செல்லாதுன்னாங்க. மலேசிய மேதைக, செல்லும்னாங்க. ரெண்டு பக்கமும் தாடி வெளுத்த ஆளுகதான். நான் எங்க போயித் தீர்ப்புச் சொல்றது?

ஆமா, ஒங்க பெரியப்பன் மவன் ஜொகூர்ல அந்த மாதிரி லோனு வாங்கித்தானே வூட்டுக்கு மேல்மாடி எடுத்தான்? அப்படின்னா ஒரு நிமிசமாச்சும் அவன் பேருல பாமாயில் இருந்திருக்குது. பய வாயத் தொறக்கவே இல்ல பாரு. தீவாளி வருது, முறுக்குச் சுடணும். போனப் போடு. ரெண்டு டின்னு இந்தப் பக்கம் தாட்டி வுடச் சொல்லு.