பத்து வீடு, ஒரே காற்று

கே: லைன் வீட்டில் குடியிருக்கிறோம். போனைத் திறந்தால் பதினாலு வைஃபை பெயர் வரிசை கட்டி நிற்கிறது. எங்களுடையது முழுக் கோடும் காட்டுகிறது. ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மகளின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்றுதான் ஓடுகிறது. ஏன்?
(வாசகி, ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல்)

ப: உங்கள் ரவுட்டரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு சொல்லும். அதே நேரத்தில் இன்னும் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று சொல்லாது. முதலில் ஒரு சோதனை: எட்டு மணிக்கே லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் போட்டு இணைத்துப் பாருங்கள். அப்போதும் திணறினால் கோளாறு வெளியிலிருந்து வரும் இணைய லைனில். கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். கேபிளில் சரளமாக ஓடினால் கோளாறு காற்றில்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இருக்கும் மொத்த இடமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் 13 சேனல் என்று எண் போட்டிருக்கிறார்கள். ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஒரு ரவுட்டர் பேச 20 வேண்டும். நடுவே கொஞ்சம் இடைவெளியும் விட்டுக் கணக்குப் போட்டால் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்பவை மூன்றே: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் பதினாலு ரவுட்டர் இந்த மூன்றுக்குள்தான் அடங்க வேண்டும்.

கே: அக்கம்பக்கம் எல்லாரும் 6-ல் இருக்கிறார்கள். நான் யாருமே இல்லாத 4-க்குப் போய்விட்டேன். கெட்டிக்காரத்தனம்தானே?
(வாசகர், ஆண்டர்சன்பேட்டை)

ப: இல்லை, உடனே திரும்பி வாருங்கள். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை இன்னொன்று கேட்டு, அது முடிந்த பிறகு பேசும். குழாயடியில் குடம் வைத்து வரிசையில் நிற்பதைப் போல. தாமதமாகும், ஆனால் தண்ணீர் வரும். 4-ல் இருக்கும் உங்களுக்கு 6-ன் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் விழும். அவர்களுக்கு நீங்களும் அப்படியே. இரண்டு பக்கமும் பேச்சு கெட்டு, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். 1-ஓ 11-ஓ காலியாக இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் 6-லேயே வரிசையில் நில்லுங்கள்.

கே: பக்கத்து வீட்டு வைஃபை என்னுடையதைக் கெடுக்கிறது. யாரிடம் புகார் கொடுப்பது?
(வாசகர், மாரிக்குப்பம்)

ப: யாரிடமும் முடியாது. 2005 ஜனவரியில் மத்திய அரசு இந்த 2.4 பட்டையை லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதனால்தான் நீங்களும் நானும் கடையில் ரவுட்டர் வாங்கி அன்றைக்கே பேச முடிகிறது. எல்லாருக்கும் சொந்தம் என்பதால் யாருக்கும் முன்னுரிமை கிடையாது.

ஆகவே புகார் எழுதும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 2001-ல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு ஓடி, ராத்திரி திரும்புகிற ஊர் இது. அப்படி ஓடுபவர்களில் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிந்தால் அது எத்தனை பெரிய ஆறுதல்! அதற்காகவாவது சேனல் பங்கீட்டை லைனே சேர்ந்து செய்ய வேண்டும் என்பேன்.

முதல் வீடு 1, இரண்டாவது 6, மூன்றாவது 11, நான்காவது மறுபடி 1. இப்படியே கடைசி வரை. ரவுட்டரைக் கவிழ்த்தால் அடியில் ஒட்டிய சீட்டில் 192.168.1.1 போல ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். போனில் பிரவுசரைத் திறந்து அதை அடித்து, வயர்லெஸ் பக்கத்துக்குப் போனால் 'சேனல்' இருக்கும்; 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள். அதன் கீழேயே சேனல் அகலம் 20/40 என்று இருக்கும். கட்டாயம் 20 வையுங்கள். 40 வைப்பவர் தெருவின் பாதியைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார். படித்த பிள்ளைகள் லைனுக்கு இருவர் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கே: கரண்ட் போய் வந்தால் வைஃபை இன்னும் மோசமாகிறதே?
(வாசகி, ராபர்ட்சன்பேட்டை)

ப: 'ஆட்டோ'வில் இருக்கும் ரவுட்டர்கள் பல, எழுந்திருக்கும்போது மட்டும்தான் சுற்றிலும் கேட்டுச் சேனலைத் தேர்ந்தெடுக்கும். கரண்ட் வந்ததும் தெருவே ஒரே நொடியில் எழுந்தால், யாரும் இன்னும் பேசத் தொடங்காத காற்றைக் கேட்டு எல்லாமே ஒரே இடத்தில் போய் உட்கார வாய்ப்புண்டு. கையால் போட்ட எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கே: வைஃபை பெயரை மறைத்து வைத்தால் இடைஞ்சல் குறையுமா?

ப: குறையாது. பெயர்தான் மறையும், அலை மறையாது.

கே: அதிக பவர் உள்ள ரவுட்டர் வாங்கிவிடலாமா?
(வாசகர், சாம்பியன் ரீஃப்)

ப: ரவுட்டர் கத்தினால் மட்டும் போதாது, உங்கள் போன் பதில் சொல்ல வேண்டும், அதன் குரல் பழைய குரல்தான். கூடுதலாகக் கத்துவது பத்து வீடு தள்ளி இருப்பவரின் தூக்கத்தைத்தான் கெடுக்கும். காசு செலவில்லாத வழி: இரும்பு பீரோவின் மேலோ டிவிக்குப் பின்னாலோ இருக்கும் ரவுட்டரை வெளியே எடுத்து, வீட்டின் நடுவில் தலை உயரத்தில் வையுங்கள். தகரக் கூரையும் பீரோவும் அலையைத் திருப்பி அடிப்பவை.

கே: எந்த அலையும் எட்டாத இடம் நம் ஊரில் உண்டா?
(மாணவர், உரிகம்)

ப: உண்டு, உங்கள் காலடிச் சுரங்கத்தில்! வைஃபை அலை மட்டுமல்ல, காஸ்மிக் கதிரும் பெரும்பாலும் எட்டாத ஆழம் அது. விண்வெளியிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஒசாகா சிட்டி, டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். மேலே இருந்த பாறை இரைச்சலைத் தடுத்தது; பாறையைத் துளைத்து வரும் நியூட்ரினோவின் தடயம் 1965-ல் அங்கே பதிவானது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகில் முதலில் கண்ட குழுக்களில் அதுவும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கே: வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாமா?
(வாசகர், கோரமண்டல்)

ப: தாராளமாக. 2018 அக்டோபரில் அந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் இல்லாமல் திறக்கப்பட்டது, 2.4-ஐப் போல ஏழு மடங்கு இடம். அது சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்று பெரிய வீட்டுக்காரர்கள் குறைப்படுவார்கள். லைன் வீட்டுக்கு அதுவே நல்லது: பக்கத்து வீட்டு அலை உங்கள் சுவரிலேயே பெரும்பாலும் தேய்ந்துவிடும். டூயல் பேண்ட் (2.4, 5 இரண்டும் பேசும்) ரவுட்டரா என்று பார்த்து, சேனலை 36-ஓ 149-ஓ வையுங்கள். இடையில் உள்ள சேனல்கள் சிலவற்றில் ரேடார் தட்டுப்பட்டால் பல ரவுட்டர்கள் தாமாகவே விலகி ஓடும். மீட்டிங் நடுவில் அறுந்துபோகும். ஆபீஸ் லேப்டாப்பை 5-ல் போடுங்கள். 5 தெரியாத பழைய போன்கள் 2.4-ல் இருக்கட்டும். டிவி ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்; காற்றில் ஒருவர் குறைவார்.