பிங் போகுது, ஃபைல் போகலையே!

கேள்வி: இரண்டு ஹைப்பர்வைசர் சர்வர்களுக்கு நடுவே ஓவர்லே நெட்வொர்க் போட்டோம். பிங் அடித்தால் பதில் வருகிறது. பெரிய ஃபைலை அனுப்பினால் நடுவழியில் நின்றுவிடுகிறது. பேய் பிசாசா? – ஒரு வாசகர், செம்பூர்

பதில்: பேய்க்குப் பெயர் எம்.டி.யு., அதாவது ஒரு பாக்கெட் இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கலாம் என்ற வரம்பு. வேப்பிலை வேண்டாம், கணக்குப் போட்டாலே ஓடிவிடும்.

உங்கள் ஓவர்லே அநேகமாக வி.எக்ஸ்.லேனாக இருக்கும். அது ஒரு பாக்கெட்டை அப்படியே இன்னொரு பாக்கெட்டுக்குள் பொட்டலம் கட்டும் முறை. ஆர்.எஃப்.சி. 7348 என்ற எண்ணில் 2014-இல் வெளியானது. பழைய வி.லேனில் சுமார் 4,000 தனி நெட்வொர்க்குகளுக்குத்தான் இடம். இதில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். கிளவுட்காரர்கள் இதை விடுவார்களா? ஆனால் பொட்டலத்தின் மேலுறை 50 பைட் பிடிக்கும். உள்ளே 1,500 என்றால் வெளியே 1,550. கீழே ஓடும் நிஜ நெட்வொர்க்கின் வரம்போ பெரும்பாலும் 1,500.

தாராவி 90 அடி சாலையில் ஜம்மென்று வந்த லாரி, சந்துக்குள் திரும்பினால் என்ன ஆகும்? அதேதான். பிங் சின்னப் பொடியன், நுழைந்துவிடுவான்.

கூடவே இன்னொரு கொடுமை: ‘பாக்கெட் பெரிது’ என்று திருப்பிச் சொல்லும் ஐ.சி.எம்.பி. தகவலைப் பல ஃபயர்வால்கள் விழுங்கிவிடும். அனுப்பியவருக்கு எதுவும் தெரியாது.

பாக்கெட்டைத் துண்டாக்கத் தடை போட்டு, 1,472 பைட் பிங்கை விர்ச்சுவல் மெஷினிலிருந்து அடித்துப் பாருங்கள். போகவில்லையா? மெஷினின் எம்.டி.யு.வை 1,450 ஆகக் குறையுங்கள். ஸ்விட்ச் உங்கள் கையில் இருந்தால் அங்கேயும் இரண்டு சர்வர்களின் நெட்வொர்க் கார்டுகளிலும் 1,600 ஆக ஏற்றுங்கள், அதுதான் கௌரவம்.

சின்ன பிங்கே போகவில்லை என்றால் வி.எக்ஸ்.லேன் பயன்படுத்தும் யு.டி.பி. போர்ட்டைப் பாருங்கள். முறைப்படி 4789. லினக்ஸோ பழைய பழக்கத்தில் 8472-ஐப் பிடிக்கும். ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்றால் இருவரும் ஆயுசுக்கும் சந்திக்க மாட்டார்கள்.