மூணு சீரீஸ் முதலாளி

கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் பெரிய கல்யாண மண்டபம் எதன் வாசலிலும் இவரைப் பார்க்கலாம். வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே உள்ளே போய்விட மாட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உலாத்துவார். மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். வண்டி பிஎம்டபிள்யூ 3 சீரீஸ். தொழில் பம்ப்செட்டோ பவுண்டரியோ, ஏதோ ஒன்று. வயது ஐம்பதுக்கு மேல். இவருக்குப் பகையாளி என்று உலகத்தில் ஒருவர்தான். அது 5 சீரீஸ்.

அறுபது லட்சத்தைத் தாண்டிப் பணம் கொடுத்து வண்டி எடுத்து, ஈச்சனாரி பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு வந்து நிறுத்தினால், மாப்பிள்ளை சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்று கேட்கிறார்: “ஏனுங் மாமா, இவ்வளவு போட்டீங்க, அஞ்சாவே எடுத்திருக்கலாமுல்லீங்க?” அன்று ராத்திரி மனிதர் தூங்கவில்லை.

அதன் பிறகுதான் இவர் படிப்பாளி ஆனார். பொள்ளாச்சி விவசாயி ஆழியாறு அணை நீர்மட்டம் சொல்வதுபோல், இப்போது மில்லிமீட்டரில் பேசுகிறார். “1995-ல வந்த அஞ்சு சீரீஸ் என்ன நீளம் தெரியுமுங்களா? 4,775. நம்ம மூணு 4,800-ஐத் தாண்டுது. அதுக்கு வீல்பேஸ் 2,830. நமக்கு 2,961. அப்ப இது மூணா, அஞ்சா, நீங்களே சொல்லுங்க.” கணக்கு சரிதான். 1972-ல் அஞ்சு பிறந்தது, 1975-ல் மூணு. இரண்டும் தலைமுறைக்குத் தலைமுறை பெருத்துக்கொண்டே வந்து, இன்றைய தம்பி அன்றைய அண்ணனைவிட வளர்ந்து நிற்கிறான். வம்பு என்னவென்றால் அண்ணனும் சும்மா இருக்கவில்லை. 2024-ல் இந்தியாவுக்கு வந்த நீட்டிய அஞ்சின் வீல்பேஸ் 3,105. வித்தியாசம் 144 மில்லிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. அந்தச் சாண்தான் மாப்பிள்ளையின் வாய்.

மேலே பார்த்து ஏங்குபவருக்குக் கீழே பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. அதற்குத்தான் கம்பெனி 2 சீரீஸ் கிரான் கூப்பே என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதே சின்னம், அதே முகம், விலை குறைவு. அதை வாங்கிய பங்காளியைக் கண்டால் நம்மவர் குரலில் தனிக் கருணை வந்துவிடும். “அது முன் சக்கரம் இழுக்கற வண்டிங்க. நம்முது பின் சக்கரம் தள்ளறது. முன்னயும் பின்னயும் எடை பாதிக்குப் பாதி. அந்தச் சொகமே வேற.” எந்தச் சுகம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவருக்கும் சங்கடம். ஏனென்றால் அவர் வண்டி ஓட்டுவதில்லை.

விஷயத்தின் மையம் இதுதான். கம்பெனி ஜெர்மன் மொழியில் தன் தாரக மந்திரமாகச் சொல்வது ‘ஃப்ராய்டே ஆம் ஃபாரன்’, ஓட்டுவதில் ஆனந்தம். அந்தப் பேரை உலகமெங்கும் வாங்கிக் கொடுத்ததே மூணு சீரீஸ்தான். ஆனால் நம் ஊரில் முதலாளி பின்னால்தான் உட்காருவார் என்று தெரிந்துகொண்ட கம்பெனி, 2021-ல் அதே வண்டியை 110 மில்லிமீட்டர் நீட்டி, கிரான் லிமோசின் என்று பேர் வைத்து இங்கே இறக்கியது. நீட்டியது பின் சீட்டுக்காரரின் முழங்காலுக்காக. ஆக, ஓட்டுவதற்கென்றே செய்த வண்டியை ஓட்டாதவருக்காக இழுத்து நீட்டியாயிற்று. ஆனந்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, டிரைவர் தம்பியிடம்.

தம்பியைப் பாருங்கள். ஐயாவை ஆபீசில் இறக்கிவிட்டு பெட்ரோல் போடப் போகிறவன், பக்கத்துத் தெரு பங்கை விட்டுவிட்டு நீலாம்பூர் பைபாஸ் பங்குக்குத்தான் போவான். கோத்தகிரி மலைப்பாதையில் ஸ்போர்ட் மோடில் போட்டு, கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாய் அனுபவித்துக்கொண்டிருப்பான். பின்னாலிருந்து குரல் வரும்: “மெதுவாப் போ சாமி, வயித்தைக் கலக்குது.” “சரிங்கய்யா” என்று கம்ஃபர்ட்டுக்கு மாற்றுவான். பாதிக்குப் பாதி எடை என்றால் என்னவென்று அந்த வண்டியில் முதுகெலும்பால் அறிந்தவன் அவன் ஒருவன்தான். தவணை கட்டுவது ஐயா.

ஐயாவிடம் சொல்லக்கூடாத சங்கதிகள் சில உண்டு. வண்டி ஜெர்மன்காரன் செய்தது என்று அவர் சொல்லும்போது, 2007-லிருந்து சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் நம் பையன்கள் கோத்துக் கொடுக்கிறார்கள் என்று குறுக்கே பேசாதீர்கள். டிக்கியில் 330 என்று இருப்பதைப் பார்த்து 3 லிட்டர் என்ஜின் என்று நம்பிக்கொண்டிருப்பார். முன்பு ஒரு காலத்தில் அந்த எண்ணுக்கு அப்படித்தான் பொருள். இப்போது உள்ளே இருப்பது 1,998 சிசி, அதாவது இரண்டு லிட்டர். 530-க்கும் அதே இரண்டு லிட்டர்தான் என்று தெரிந்தால் ஒருவேளை ஆறுதல் அடைவார். ஆனால் முதல் பாதியைக் கேட்டதுமே எழுந்து போய்விடுவார், இரண்டாவதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காது.

ஜெர்மனியில் வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, பின்னால் எண் எதுவும் ஒட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். அங்கே பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். பின்னால் வருபவனுக்கு இது எந்த என்ஜின் என்று தெரிய வேண்டாமாம். இதை நம்மவரிடம் யாரோ சொன்னார்கள். வெகுநேரம் யோசித்துவிட்டு, “நம்பர் இல்லீனா அஞ்சுன்னு நெனச்சுக்குவாங்களோ?” என்றார்.

நீங்களும் அவர் வண்டியில் ஒருநாள் ஏறுவீர்கள். கால் நீட்டிக்கொள்ள நிறைய இடம் என்று மனதாரச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. அஞ்சு எடுத்திருக்கலாமே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஓட்டிப் பார்க்க ஆசையிருந்தால் ஐயாவிடம் கேட்டுப் பயனில்லை. தம்பியைக் கேளுங்கள், அவனும் கொடுக்க மாட்டான்.