பட்டாவில் இல்லாத எட்டடி

சென்னையில் ஒரு கிரவுண்டு வாங்கினால், பத்திரத்தில் ஏறாத எட்டடி நிலமும் சேர்ந்து வருகிறது. கேட்டுக்கு வெளியே மாநகராட்சி தார் போட்ட எட்டடி. பட்டா வேண்டாம், சொத்து வரி வேண்டாம். ஒரு தகரப் பலகை போதும். ‘கேட்டின் முன் வண்டி நிறுத்தாதே. மீறினால் காற்று பிடுங்கப்படும்.’ சட்டமும் தீர்ப்பும் தண்டனையும் ஒரே தகரத்தில். மேல்முறையீட்டுக்கு இடமில்லை, பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம்.

கட்டடத்தின் வாசலை மறிக்கக் கூடாது என்பது 1989 சாலை விதிகளிலேயே இருந்தது. யாரும் மறுக்கவில்லை. ஆனால் கேட்டு பத்தடி, பலகையின் ராஜ்ஜியமோ மதில் முழுக்க. படிக்கத் தெரியாதவர்களுக்குச் சிமெண்டுத் தொட்டி, மணல் மூட்டை, சங்கிலி. இதையெல்லாம் எடுங்கள் என்று 2024இல் போக்குவரத்துக் காவல்துறை சொல்லிப் பார்த்தது. தொட்டிகள் செடியோடு திரும்பி வந்துவிட்டன. இப்போது கேட்டால் சுற்றுச்சூழலாம்!

இவ்வளவு ரோஷக்காரர் தன் காரை எங்கே நிறுத்துகிறார்? அதே எட்டடியில்தான். உள்ளே காருக்கென்று பிளானில் காட்டிய இடத்தில் ஜெராக்ஸ் கடை வாடகைக்கு ஓடுகிறது.

அடுக்குமாடி என்றால் கதை இன்னும் ருசி. தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங் எல்லோருக்கும் பொது, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. பில்டர்கள் நீதிக்குத் தலைவணங்கினார்கள்: தொகையைக் குறைக்கவில்லை, ரசீதில் தலைப்பை மட்டும் மாற்றினார்கள்.

தி.நகர் பக்கம் போனால் வரைபடத்தில் கார் நிற்க வேண்டிய அடித்தளத்தில் புடவைப் பொதி நிற்கும். அரசு கோபப்படுமா? 1999 பிப்ரவரிக்குள் விதி மீறிக் கட்டியவர் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது. அது போதாதென்று, 2007 ஜூலைக்குள் மீறியவருக்கு இன்னொன்று. ஒழுங்காக இடம் விட்டுக் கட்டியவன் மட்டும் ஏமாளி.

என் வயிறு எரிவது இதற்கெல்லாம் இல்லை. அசோசியேஷன் என்ற குட்டி அரசாங்கம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறதே ஒரு நோட்டீஸ், அதற்கு. டெலிவரி வண்டிகள் உள்ளே வரக் கூடாது. வேலைக்கு வருபவர்களின் சைக்கிள், மொபெட் உள்ளே வைக்கக் கூடாது. வெளியே வைத்தால்தான் பலகை இருக்கிறதே! அப்படியானால் உங்கள் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா வண்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டா தேய்ப்பார்? மழையில் பிரியாணி கொண்டுவரும் பையன் கேட்டிலிருந்து நாலாவது பிளாக் வரை ஓடி வர வேண்டும். அதே வீட்டின் மூன்றாவது கார் நடைபாதையில் உறை போர்த்திக்கொண்டு தூங்கும். வயதானவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடுவே இறங்கி நடப்பார்கள். இதற்கு நோட்டீஸ் கிடையாது. செக்ரட்டரியின் காராயிற்றே.

ஜப்பானில் 1962இலேயே சட்டம் போட்டார்கள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் உண்டு என்று நகரவாசி காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் கார் பதிவாகும். நம் ஆர்டிஓ அலுவலகத்திலும் கார் வாங்குபவரிடம் ஒரு கேள்வி கேட்காமலில்லை. ஃபேன்சி நம்பர் வேண்டுமா, சார்?