மெக்கானிக்கல் படிச்ச மாப்ளைக்கு மாமன் சொல்ற புத்தி

வா மாப்ளே, உக்காரு. ராயக்கோட்டை மண்டிக்கு ஏத்திட்டுப் போன தக்காளியை ரோட்டோரம் கொட்டிட்டு வந்தவன் மாதிரி இருக்குது உன் மொகம். உங்கம்மா காலையில போன்ல அழுவறா. "ஆஸ்திரேலியாக்காரன் எம்பையனோட ஆறு வருஷத்தை அடிச்சுடுவானாம்டா"ங்கறா. நான் என்னமோ கேஸு, ஜெயிலுன்னு நெனைச்சு வேட்டியைக் கட்டிக்கினு சூளகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். அப்பால விசாரிச்சாத்தான் தெரியுது, அடி உனக்கு இல்ல, உன் எக்ஸ்பீரியன்ஸுக்கு.

சரி, உன் கூட்டாளிக்கு வந்த லெட்டரைக் காட்டு. அவனும் மெக்கானிக்கல், நீயும் மெக்கானிக்கல். ரெண்டு பேரும் 2014 ஜூலையில ஒரே பஸ்ல ஏறி பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. அவனுக்கு வந்ததுதான் உனக்கும் வரும். ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி, சுருக்கமா ஏ.சி.எஸ். 1966ல ஆரம்பிச்ச சங்கமாம். கம்ப்யூட்டர் தொழிலைக் காட்டி, புள்ளி எடுத்து அந்த நாட்டுல குடியேறணும்னா, மொதல்ல இவங்ககிட்ட முத்திரை வாங்கணும். கூட்டாளி கேட்டது 261313, சாஃப்ட்வேர் இன்ஜினியர். பொருத்தம்னு போட்டுத்தான் குடுத்திருக்காங்க. கீழ ஒரே ஒரு வரி: 2020 ஜூலைக்கு அப்பறம் பார்த்த வேலையை மட்டும் தேர்ச்சியான வேலையா எடுத்துக்குவோம். அவ்வளவுதான். 2014க்கும் 2020க்கும் நடுவுல நீங்க ராப்பகலா முழிச்சதெல்லாம் படிப்புக்கு ஈடா வரவு வெச்சுட்டான். வேலைக்கணக்குல அது இல்ல.

"நியாயமா மாமா"ங்கறே. இரு, நான் ஒண்ணு கேக்கறேன். 2010ல எதுக்குடா மெக்கானிக்கல் எடுத்தே? எனக்குத் தெரியும். ஓசூர்ல பொறந்த புள்ள வேற என்னாத்த எடுக்கும்? அசோக் லேலண்டு 1980லயே வந்தாச்சு. டி.வி.எஸ். 50 இங்கேர்ந்துதான் ஊரெல்லாம் ஓடுச்சு. சிப்காட்டுல சங்கு ஊதினா நம்ம வீட்டுல சோறு போடுவாங்க. உங்கப்பா எருமையை வித்து உன்னைச் சேர்த்தாரு. நாலு வருஷம் பாய்லரு, கியரு, தெர்மோடைனமிக்ஸுன்னு படிச்சே. கேம்பஸுக்கு வந்தவன் என்னா கேட்டான்? "60 சதம் இருக்குதா? அரியர் இருக்குதா? எந்த ஊருக்கு அனுப்பிச்சாலும் போவியா?" நீயும் தலையாட்டினே. மூணு மாசம் ட்ரெயினிங் குடுத்தான். பாய்லர் போச்சு, ஜாவா வந்துச்சு.

அப்ப எவனாவது கேட்டானா, பாய்லருக்கும் ஜாவாவுக்கும் என்னா ஒறவுன்னு? காலேஜ்காரன் கேக்கல. "100 சதவீத வேலைவாய்ப்பு"ன்னு உன் போட்டோவைப் போட்டு பாகலூர் ரோட்டுல பேனர் கட்டினான். கம்பெனிக்காரன் கேக்கல. லோன் குடுத்த பேங்க்காரன் கேக்கல. பொண்ணு குடுக்க வந்தவங்க "பையன் இன்ஜினியரு"ன்னு கேட்டுட்டு காபி குடிச்சாங்க, என்னா இன்ஜினியருன்னு ஒருத்தரும் கேக்கல. சொந்த மாமன் நானே கேக்கல. கேட்டா உங்கம்மா என்னை வாசல்ல நிக்க வெச்சிருப்பா. தினமும் ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி டோல்ல காத்துக் கெடந்து, மாநிலம் விட்டு மாநிலம் போற. அங்க நிக்கிற போலீஸ்காரன் கூட ஆர்.சி. புக்கு கேப்பானே தவிர டிகிரி கேக்க மாட்டான். நீங்க படிச்சதை மெய்யாலுமே படிச்சதா எடுத்துக்கினு, அதுக்கும் இந்த வேலைக்கும் என்னா சம்பந்தம்னு மொதல் மொதல்ல கேட்டவன் அந்த சிட்னிக்காரன்தான். உன் கூட்டாளி சர்டிபிகேட்டை முழுசாப் படிச்ச ஒரே மனுஷன். அவன் மேலயே கோவப்படறியே!

இன்னொரு கூத்து சொல்றேன். ப்ளஸ் டூவுல மார்க் கொறைஞ்சு, இன்ஜினியரிங் சீட்டு கெடைக்காம, கிருஷ்ணகிரியில பி.சி.ஏ. சேர்ந்தானே எதிர் வூட்டுப் பையன். "பி.சி.ஏ.வா?"ன்னு நீங்கள்லாம் சிரிச்சீங்க. கம்ப்யூட்டர் படிச்சு கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன்னு அவனுக்கு பெரும்பாலும் ரெண்டு வருஷத்தோட வெட்டு நிக்கும். ஈ.சி.ஈ. படிச்சவனுக்கு அவன் படிச்ச பாடத்தைப் பொறுத்து ரெண்டோ நாலோ. உனக்கு ஆறு. சிரிச்ச சிரிப்புக்கு வட்டி போட்டு வாங்கறாங்க.

"அப்ப நான் மெக்கானிக்கல் இன்ஜினியராவே போறேன்"ங்கறியா? போலாம். அதுக்கு வேற சங்கம், இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. அங்க போனா உன் படிப்பு செல்லும், பார்த்த வேலை செல்லாது. இங்க வந்தா வேலை செல்லும், படிப்பு செல்லாது. சாஃப்ட்வேர் பக்கம் நின்னுக்கினே அந்த பி.ஈ.க்கும் புள்ளி வேணும்னா வெட்டஸஸ்னு மூணாவதா ஒரு ஆபீஸ்ல தனியா பணம் கட்டி எழுதி வாங்கணும். ஒரு ஆளைத் துண்டு துண்டா வெட்டி, துண்டுக்கு ஒரு கவுண்ட்டர் வெச்சிருக்கான்.

இப்ப கணக்குக்கு வா. கணக்குன்னா உனக்கு இனிக்குமே. புள்ளி போட்டு எடுக்கறான். 65 இருந்தா வரிசையில நிக்கலாம், ஆனா கூப்பிடறப்ப அதுக்கு மேல மேல இருக்கறவனைத்தான் கூப்பிடறான். வெளிநாட்டுல பார்த்த வேலைக்கு மூணு வருஷம் ஆனா 5, அஞ்சு ஆனா 10, எட்டு ஆனா 15. ஆறு வருஷத்தை வெட்டினா உனக்கு என்னா போவுது? 15 வரவேண்டிய எடத்துல 10. அஞ்சு புள்ளி. வயசுக்கு வா. 25லேர்ந்து 32 வரைக்கும் 30 புள்ளி. 33 ஆயிட்டா 25. அங்கயும் அஞ்சு. ஆறு வருஷம் ராத்திரி டூட்டி பார்த்ததுக்கு என்னா வெலையோ, போன மாசம் நீ கேக்கு வெட்டினதுக்கும் அதே வெலை! ஒரு வருஷம் முந்திக்கினு போயிருந்தாலும் ஒண்ணும் பெருசா கிழிச்சிருக்க மாட்டே. 32ல வயசுக்கு 30, வேலைக்கு 5. 33ல வயசுக்கு 25, வேலைக்கு 10. கூட்டிப் பாரு, ரெண்டும் 35. இந்தக் கணக்கை எழுதினவன் நம்ம மாங்கா மண்டியில கமிஷன் கடை வெச்சிருந்தவனா இருக்கணும்.

நான் சிப்காட்டுக்கு வேலை கேட்டுப் போனப்ப எனக்கு ஐ.டி.ஐ. கெடையாது. எட்டாங்கிளாஸ். ஃபோர்மேன் மலையாளி. என்னா படிச்சேன்னு கேக்கல. ஒரு இரும்புப் பட்டையை வைஸ்ல கட்டினான், கையில ஒரு அரத்தைக் குடுத்தான், டீ குடிக்கப் போயிட்டான். வந்து மூலமட்டத்தை அந்தப் பட்டை மேல வெச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சான். சந்துல வெளிச்சம் கசிஞ்சா வூட்டுக்குப் போ, கசியலைன்னா நாளைக்கு வா. இன்னிக்கும் வெல்டருங்க வளைகுடாவுக்குப் போறதுன்னா 6ஜி டெஸ்ட்டுங்கறான். பைப்பை 45 டிகிரி சாய்ச்சுக் கட்டி, சுத்தி வர பத்த வெக்கச் சொல்லி, அதை எக்ஸ்ரே எடுத்துப் பாக்கறான். உனக்கு? எத்தினி ஆயிரம் பேர் இந்தச் சங்கத்துக்கு எழுதிப் போடறாங்க, ஒருத்தனையாவது உக்கார வெச்சு "ஒரு வரி கோடு எழுதுறா"ன்னானா? இல்ல. பூராவும் காகிதம். நீ கெட்டிக்காரனா இருக்கறது அவனுக்குத் தேவையில்ல. கெட்டிக்காரன்னு காகிதத்துல இருக்கணும். இங்க மட்டும் நான் உன் கட்சி மாப்ளே. அரத்தைக் குடுத்துப் பார்த்திருந்தா ஆறு வருஷம் வெட்ட அவசியமே வந்திருக்காது.

அதைவிட வேடிக்கை, நீ அந்த ஆறு வருஷமும் முழிச்சது யாருக்கோசரம்? ஆஸ்திரேலியா பேங்குக்கோசரம். விடியக்காலம் அஞ்சுக்குப் போனு வருமே, அங்க அப்பவே ஆபீஸ் தெறந்துட்டான்னு. ஏ.என்.இசட். பேங்கு 1989லயே பெங்களூர்ல கடை போட்டுடுச்சு. இங்கேர்ந்து பண்ணினா வேலை நல்லா இருக்குதுங்கறான். அதே வேலையைக் கையில புடிச்சுக்கினு அவன் வாசல்ல போய் நின்னா, "தம்பி, நீ பாய்லர் படிச்சவனாச்சே"ங்கறான்.

மத்த ஊரு எப்படின்னு கேட்டியே. கனடாக்காரன் புள்ளிக்கு டிகிரி உண்டா இல்லையான்னு பாக்கறான், அது பாய்லரா பரதநாட்டியமான்னு கிண்டறதில்ல. அமெரிக்காக்காரன் ஹெச்-1பி விசாவுல கொறையற காலேஜ் வருஷம் ஒவ்வொண்ணுக்கும் மூணு வருஷ வேலையை ஈடா எடுத்துக்குவான். பி.எஸ்ஸி. மூணு வருஷம் படிச்சவனுக்கு ஒரு வருஷம் கொறைஞ்சா அனுபவம் மூணு. ஜெர்மனிக்காரன் எல்லாத்துக்கும் மேல. 2023 நவம்பர்லேர்ந்து ஐ.டி. ஆளுன்னா டிகிரியே இல்லாட்டியும் ப்ளூ கார்டு உண்டு, கடைசி ஏழு வருஷத்துல மூணு வருஷம் அந்தத் தரத்துல வேலை பார்த்திருக்கணும், அவன் கேக்கற சம்பளத்துல கையில ஒரு வேலையும் இருக்கணும். நம்ம ஊர்லயே ஸோஹோ கம்பெனி, பள்ளிக்கூடம் முடிச்ச பசங்களுக்குச் சொல்லிக் குடுத்து இருவது வருஷமா வேலை குடுக்குது. ஏன், 2015லேர்ந்து நம்ம சர்க்காரே கௌஷல் விகாஸ் திட்டத்துல முன் அனுபவத்தைப் பார்த்து சர்டிபிகேட் குடுக்குது. கொத்தனாருக்கும் டைலருக்கும் குடுக்குது. உனக்குத்தான் ஜெர்மன் பாஷை வாயில நுழையாது, மச்சான் வேற மெல்போர்ன்ல இருக்கான். சரி, ஆஸ்திரேலியாவே போ.

போறதா இருந்தா நான் சொல்றதைக் கேளு. முன் அனுபவ அறிக்கை, ஆர்.பி.எல். எழுதணும். என்னென்ன தெரியும், எப்படிக் கத்துக்கினேன்னு ஒரு பகுதி. ரெண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டு, ஒண்ணு கடைசி மூணு வருஷத்துல செஞ்சது, இன்னொண்ணு அஞ்சு வருஷத்துக்குள்ள. கோரமங்களாவுல எவனோ பணம் வாங்கிக்கினு எழுதித் தரானாம், நீ அட்வான்ஸ் குடுக்கப் போறியாம். வேணாம். அவன் உனக்கு எழுதினதையே பேரை மாத்தி பத்து பேருக்கு வித்திருப்பான். காப்பி அடிச்சதைக் கண்டுபிடிக்க ஏ.சி.எஸ். மெஷின் வெச்சிருக்குது. சிக்கினா சங்கம் கழிச்சுடும், விசா ஆபீசுக்கும் சொல்லும். பொய்த் தகவலுன்னு அங்க முடிவாச்சுன்னா மூணு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது. ப்ராஜெக்ட்டை மொதல்ல தமிழ்ல எனக்குச் சொல்லு. எனக்கே புரிஞ்சுதுன்னா அவனுக்கு ஏன் புரியாது?

வேலை லெட்டரு அடுத்தது. ஹெச்.ஆர். குடுக்கற காகிதத்துல "இன்ன தேதியில சேர்ந்தார், இன்ன தேதியில நின்றார், நடத்தை நன்று"ன்னு இருக்கும். அது மளிகைக் கடைக்குத்தான் ஆவும். என்னா வேலை செஞ்சே, முழு நேரமான்னு கம்பெனி தாள்ல வேணும். பழைய கம்பெனி தர மாட்டேன்னா, உன் கூட வேலை பார்த்தவன் சத்தியப் பிரமாணமா எழுதி நோட்டரி முத்திரை போட்டுத் தரலாம். மேனேஜர் நல்லவன்னா இப்பவே புடி, அப்பறம் அவனே கனடா போயிடுவான். சம்பளம் வாங்கினதுக்கும் சாட்சி கேக்கறான், ஃபாரம் 16, பி.எஃப். கணக்கு எல்லாம். 2016, 2017 ஃபாரம் எங்கேன்னு தேடறியாமே? உங்கம்மா அடுக்களை அலமாரியில மிளகாத்தூள் டப்பாவுக்கு அடியில விரிச்சிருக்குது பாரு, கம்பெனி சீலு தெரியுது. எண்ணெய்க்கறை படாத பக்கமா ஸ்கேன் பண்ணு.

கடைசியா ஒண்ணு, இதை உங்கம்மா காதுல போடாதே. கல்யாணம் ஆவாதவனுக்கு 10 புள்ளி குடுக்கறான். கட்டிக்கினு போனா, பொண்டாட்டிக்கு இங்கிலீஷும் தெரிஞ்சு, அவளும் இதே மாதிரி முத்திரை வாங்கியிருந்தா அதே 10. இங்கிலீஷ் மட்டும்னா 5. ரெண்டும் இல்லன்னா முட்டை. தேன்கனிக்கோட்டையில உங்கம்மா பார்த்து வெச்சிருக்கற பொண்ணு எம்.ஏ. தமிழு. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறப்ப ஜாதகத்துல செவ்வாய் எங்க இருக்குதுன்னு நான் பேசிக்கறேன், இங்கிலீஷ் பரீட்சை எழுதுவியாம்மான்னு நீ மெல்ல கேட்டுக்க. பொண்ணோட அப்பன் எழுந்துட்டான்னா நானும் உன் கூட ஓடி வரேன், பைக்கை வாசல் பக்கம் திருப்பி வெச்சுட்டு உள்ள வா.